மூணாவது மாடி மூக்கு

“அம்புஜம், மூக்கு வந்துடுச்சு பாரு!”

பச்சைமுத்து சொன்னதும் அம்புஜம் சிரித்துவிட்டாள்.

கோழிப்பண்ணை கேட்டுக்கு வெளியே கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி தேசிகன் நின்றிருந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் புதிதாக எழும்பிய அபார்ட்மென்ட்டில் மூன்றாவது மாடிக்காரர். பத்து நாளில் இது நாலாவது படையெடுப்பு.

“ஏம்ப்பா, இன்னிக்கும் அதே கூமுட்டை நாத்தம் வர்றதே. உனக்குத் தெரியலையா?”

“முட்டைப் பண்ணையில மல்லியப்பூவா சார் மணக்கும்? நாங்க இங்கியேதான் பொழங்குறோம். எங்களுக்கு ஒரு நாத்தமும் இல்ல.”

“அதைத்தான்ப்பா நான் சொல்ல வர்றேன்...”

“பண்ணை மொதல்ல வந்துச்சா, உங்க ஃபிளாட் மொதல்ல வந்துச்சா? அதைச் சொல்லுங்க சார்.”

அவர் வாயைத் திறப்பதற்குள் கேட்டைச் சாத்திவிட்டான்.

கோழி எச்சத்தைத் தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் விடுவது பச்சைமுத்துவின் வேலை. அதில் உண்டாகும் கேஸில்தான் குஞ்சு ஷெட்டுக்குச் சூடு. ஒரு குழாய் அவன் வீட்டு அடுப்புக்கும் போகிறது. தொட்டியை ஒட்டிய அந்த ஒற்றை அறை, வேலையோடு சேர்ந்து கிடைத்தது.

அடுத்த வாரம் ஜீப் வந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி சுனிதா இறங்கினார். கையில் ஒரு கடிதம்.

“கேஸ் பிளான்ட் ஆபரேட்டர் யாரு? கம்ப்ளெய்ன்ட் பந்திதே... வந்திருக்கு. மூணாவது மாடி தேசிகன்.”

“பாத்தியாய்யா, மனுஷன் எழுதியே போட்டுட்டாரு!” அம்புஜம் வீட்டிலிருந்து ஓடிவந்தாள். “மேடம், மூடிடாதீங்க. பிளான்ட் நின்னா இவருக்கு வேலையும் இல்ல, எங்களுக்கு வீடும் இல்ல. கைக்கொழந்தைய வெச்சுக்கிட்டு இந்த பெங்களூர்ல எங்க போவேன்?”

“பெரிய எடத்து மூக்கு மேடம் அது. அதுக்கு நாங்க என்ன பண்றது?” என்றான் பச்சைமுத்து.

சுனிதா செல்போன் அளவில் ஒரு கருவியை எடுத்துக்கொண்டு தொட்டியைச் சுற்றி வந்தார். அது சும்மா இருந்தது. வீட்டு ஜன்னலை ஒட்டிப் போகும் குழாய் மூட்டருகே நீட்டினார். அலற ஆரம்பித்தது.

உள்ளே தூளியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

“மொதல்ல குழந்தையைத் தூக்கிட்டு வாங்க! பேகா, சீக்கிரம்!”

வால்வை அவரே மூடினார். அம்புஜம் குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அது சிணுங்கியது. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் பச்சைமுத்துவுக்கு மூச்சே வந்தது.

“உங்களுக்கு நாத்தமே தெரியலையா?”

“இல்லியே மேடம்...”

“தெரியாது. இந்த கேஸை தெனமும் மோந்தா மூக்கு மரத்துப்போயிடும். லீக் ஆனாலும் உள்ள இருக்கிறவங்களுக்குத் தெரியவே தெரியாது. வெளிய இருக்கிறவங்க யாராவது சொன்னாதான் உண்டு.”

அம்புஜம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அப்ப... பிளான்ட்டை மூடச் சொல்லித்தான் எழுதியிருக்காரா?”

கன்னடத்தில் இருந்த கடிதத்தைப் பிரித்து, சுனிதா தமிழில் சொன்னார்:

“‘நாற்றம் எனக்குப் பெரிதில்லை, ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். ஆனால் அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு தூளி தொங்குகிறது. நான் சொன்னால் அவர்கள் கேட்க மாட்டேன் என்கிறார்கள், நீங்கள் சொல்லுங்கள். பிளான்ட்டை மட்டும் மூடிவிடாதீர்கள். அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.’”