ஐந்தாம் பாகத்தின் கடைசித் தாள்

மாயராச்சியக் கதையின் நாலாம் பாகம், இளவரசன் குகைக்குள் போவதோடு நின்றது. அவன் திரும்புவானா என்று துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவர்கள் ஓயாமல் சண்டை பிடித்தார்கள். கொட்டாஞ்சேனை வாசகசாலைப் புத்தகத்தின் கடைசி வெற்றுத் தாளில் ஊகத்தைப் பென்சிலால் எழுதிவைப்பது அவர்கள் வழக்கம். "வருவான்" என்று அவர்களில் ஒருவனான றேமண்ட் எழுதினான்.

"குகைக்குள்ள போனவன் திரும்பின சரித்திரமில்லை, விசரா," என்றான் அவனோடு மூட்டை சுமக்கிற சவுந்தரநாயகம்.

அடுத்த மாத இராணுவச் சுற்றிவளைப்பில் றேமண்டைக் கொண்டுபோனார்கள். இரண்டு வருஷமாகத் தகவல் இல்லை.

ஐந்தாம் பாகம் வெள்ளிக்கிழமை வந்தது. பொலித்தீன் உறையைச் சவுந்தரநாயகமே கிழித்தான். வாசகசாலை முத்திரைகூட இன்னும் விழவில்லை. மூட்டை சுமந்த தோள் நோக நோகப் படித்து ஞாயிறு மத்தியானம் முடித்தான். இளவரசன் வரவில்லை. கடைசித் தாளில் றேமண்டின் சரிந்த கையெழுத்து, பென்சிலில் இருந்தது.

"அவசரப்படாதை மச்சான். ஆறாம் பாகத்தில வருவான்."

வாசலில் றேமண்டின் மனைவி ஐறீன் வந்து நின்றாள்.

"அண்ணே, நீங்கள் சொன்னபடி அவர் செத்திட்டார் எண்டு நினைச்சு, கோயில்ல ஆத்துமப் பூசை ஒண்டு ஒப்புக்குடுக்கப் போறன். இனி என்னால காத்திருக்க ஏலாது."

அவன் புத்தகத்தை மெல்ல மூடினான்.

"கொஞ்சம் பொறும், தங்கச்சி," என்றான். "இன்னுமொரு பாகம் இருக்குது."