நான்காம் மாட்யூல்

"ஒம் பேர அடிச்சாச்சி. கெளம்பும்மா," என்றார் பிரின்சிபால் லட்சுமணன்.

மாணிக்கம்மாள் கிளம்பவில்லை. வரைபலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

டிராயிங் வாத்தியார் கோபால்சாமி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தப் பெண் இப்படி வம்பை விலைக்கு வாங்குகிறாளே!

புளி உலுக்கும் காலத்தில் ஜவ்வாது மலைக்காரர் யாருக்கும் வேறு வேலை ஓடாது. மாசியும் பங்குனியும் அவள் மரத்தடியில்தான் கிடந்தாள். வராதவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடிப்பது அடிவாரத் தொழிற்பள்ளியின் வழக்கம். பெயர் போனால் போனதுதான். இன்னொரு முறை மலையிலிருந்து இறங்க அவள் அப்பன் விடமாட்டான்.

ஆனால் இந்த வருடம் டிராயிங்குக்கு மாட்யூல் வந்திருந்தது. ஒரு பாடத்துக்கு ஒரு சின்னப் புத்தகம். தானே படித்து, தானே வரைந்து, தேர்வில் தேறினால் அடுத்த புத்தகம். ஒருவன் மூன்றில் இருப்பான், பக்கத்திலேயே ஒருவன் எட்டில் இருப்பான். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

அவள் நான்கில் விட்டுப் போயிருந்தாள். வந்ததும் நான்கைத் திறந்தாள்.

என்ன நெஞ்சழுத்தம்! பிரின்சிபால் படிக்கட்டு போல வெட்டிய ஒரு மரக்கட்டையை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"இதான் தேர்வு, இப்பவே இத வரை. ஒரு கோடு தப்பானாலும் பஸ் ஏறிடணும்."

முன்னால் இருந்து பார்த்தால் தெரிவதை அவள் ஒழுங்காக வரைந்தாள். மேலே இருந்து பார்த்தால் தெரிவதை அதற்கு மேலே வரைந்தாள்.

அங்கேதான் காரியம் கெட்டது. அதைக் கீழே போட வேண்டும் என்பது பாட விதி. வீட்டுக் கூரையைப் பார்த்த பிறகே வாசலைப் பார்க்கிற மலைக்காரி, மேலே நின்று பார்த்ததை மேலே போடாமல் வேறு எங்கே போடுவாள்?

கோபால்சாமி மனசே வராமல் சிவப்புப் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

பிரின்சிபால் வாசலைக் காட்டினார்.

 மாணிக்கம்மாள் அழுதுவிடுவாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவள் புதுத் தாள் ஒன்றை எடுத்துப் பலகையில் குத்தினாள்.

"தப்பானா அதே பாடத்தத் திரும்பப் படி, திரும்ப வரைன்னுதாங்க சார் இதுல போட்டிருக்கு. எத்தினி வாட்டி வேணும்னாலும் வரையலாம். வூட்டுக்குப் போன்னு எந்தப் பக்கத்துலயும் இல்லீங்க."

"எவன்யா அப்படி எழுதுனவன்?" என்று கத்தினார் பிரின்சிபால்.

 அவள் புத்தகத்தை மூடி, அட்டையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

ஆக்கியோன்: பிரின்சிபால் லட்சுமணன்.

மண்ணெண்ணெய் விளக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு அத்தனை மாட்யூலையும் எழுதிக் கொடுத்த கோபால்சாமி, அட்டையில் தன் பெயர் இல்லாததற்காக முதல்முறையாகச் சந்தோஷப்பட்டார்.