எந்த ஸ்டேஷனில் இறங்கினாலும்

"இது சுத்த ஏமாத்து வேலையாக்கும்."

ராமபத்ரன் மகனின் செல்போனை மேஜைமேல் வைத்தார். மெதுவாகப் பேச அவருக்கு வராது. கல்பாத்தி அக்கிரகாரத்தில் பாதித் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

அதில் இருந்தது மகன் அத்வைத் உருவாக்கிய கேமின் முதல் பாகம். ரயிலில் வரும் ஒரு பெண்ணைப் போலீஸ் தேடுகிறது. அவள் எங்கே இறங்க வேண்டும் என்று விளையாடுபவர்தான் சொல்ல வேண்டும். ராமபத்ரன் மூன்று தடவை விளையாடிப் பார்த்துவிட்டார்.

"ஒலவக்கோட்டுல இறங்கினாலும் அதே இன்ஸ்பெக்டர் பிடிக்கறான். ஷொர்ணூர்ல இறங்கினாலும் அவனே பிடிக்கறான். பின்னே எதுக்குடா என்னைக் கேட்டே?"

"அப்பா, மாசம் ஒரு பாகம் வரணும். கேள்விக்கு ரெண்டு பதில், ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு புதுக் கதைன்னா நாலு கேள்விக்குப் பதினாறு கதை ஆயிடும். அடுத்த பாகம் வரவே வராது. அதனால கொஞ்ச தூரம் தனித்தனியா ஓடவிட்டு, மறுபடியும் ஒரே இடத்துல சேர்க்கணும். ஆனா, தானே தீர்மானிச்ச திருப்தி விளையாடறவாளுக்கு இருக்கணும்."

"இதுக்குத்தான் கொச்சி வேலையை விடப்போறியா?"

அத்வைத்தின் ராஜினாமாக் கடிதம் நான்கு நாளாக லேப்டாப்பில் தயாராக இருக்கிறது. அப்பா சம்மதிக்காமல் அனுப்ப மனசு வரவில்லை. அடுத்த பாகத்தை எழுத வேலைக்கு நடுவே நேரம் கிடைக்கவும் இல்லை. பையன் நிஜமாகவே தவித்துக்கொண்டிருந்தான்.

அகிலாண்டம் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி சமையலறையிலிருந்து வந்தாள்.

"ஏன்னா, நீங்கோ ஒண்ணு தீர்மானிச்சுச் சொல்லுங்கோ. இவன் பெங்களூர்ல நாலு பசங்களோட ரூம் எடுத்துண்டு இதைப் பண்ணட்டுமா? இல்லே, நம்மாத்து மாடியில உக்காந்துண்டு பண்ணட்டுமா?"

ராமபத்ரன் எழுந்தார். கூடத்தில் இரண்டு நடை நடந்தார். ஜன்னல் வழியாகத் தேரடி வரைக்கும் பார்த்தார்.

"பெங்களூரெல்லாம் வேண்டாம். ஹோட்டல் சாப்பாடு இவனுக்கு ஒத்துக்காது. மாடியிலேயே இருக்கட்டும். இது என் முடிவு, யாரும் மாத்தப்படாது."

"நீங்கோ சொன்னா சரி," என்று ரொம்பப் பணிவாகச் சொல்லிவிட்டு அகிலாண்டம் உள்ளே போனாள்.

வேலையை விடலாமா, கூடாதா என்று யாரும் கேட்கவே இல்லை என்பது அத்வைத்துக்கு அப்போதுதான் உறைத்தது. சந்தோஷம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். இத்தனை வருஷமாக இந்த வீட்டில் எல்லாவற்றையும் தானே தீர்மானிப்பதாக நம்பிக்கொண்டிருக்கும் அப்பாவை நினைத்தால் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

"என்னடா சிரிக்கறே?"

"ஒண்ணுமில்லேப்பா."

ராமபத்ரன் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினார்.

"முந்தாநாள் உங்கம்மா கோவிலுக்குப் போயிருந்தப்போ ஒருத்தன் வந்தான். அகிலாண்டம் மாமி மாடிக்கு இன்டர்நெட் கேட்டிருக்கா, ஒயர் எந்த வழியா வரணும்னு பார்க்கணும்னான். ஜன்னல் வழியாக் கொண்டுவரச் சொல்லி அனுப்பினதே நான்தான்."

அத்வைத் வாயைப் பிளந்தான்.

"அவகிட்டே சொல்லிடாதே. எல்லாம் என் முடிவுன்னு நான் நினைச்சுண்டிருக்கறதா அவ நினைச்சுண்டிருக்கா, பாவம்."