எந்த ஆக்கள்?

“பத்து வருசத்துக்கு முந்தி உங்கட இடுப்பு மூட்டிலை வைச்ச செயற்கைக் கிண்ணம் ஆடி ஆடி எலும்புக் குழியை அரிச்சுப்போட்டுதாம், அம்மா. ஆரோ தானம் குடுத்த எலும்பாலை குழியைத் திரும்பக் கட்டித்தான் புதுசு வைக்கலாமாம். இல்லாட்டி வீல்செயார்தான்.”

டொக்டர் சொன்னதை மகள் நிரோஜினி தமிழில் சொல்லி முடித்ததும், ஒப்பரேசனுக்குச் சம்மதக் கையெழுத்துப் போட எடுத்த பேனையைத் தவமலர் கீழே வைத்தார்.

“எந்த ஆக்களின்ரை எலும்பெண்டு கேள்.”

ரொறன்ரோவுக்கு வந்து முப்பது வருடமாகியும், சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமலே சாதி கேட்கும் கேள்வி. நிரோஜினி தான் விரும்பிய கஜீபனை வோபர்ன் வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றும் தவமலர் இதைத்தான் கேட்டார். அதன்பிறகு அவன் வரவில்லை.

“உதை எப்பிடியம்மா டொக்டரிட்டைக் கேக்கிறது?”

“கேள். இல்லாட்டி சைன் பண்ணமாட்டன்.”

நிரோஜினி டொக்டரிடம் திரும்பி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள். அவர் அவளை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

“எங்கட ஆக்கள்தானாம்.”

தவமலருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கையெழுத்துப் போட்டார்.

ஒப்பரேசன் முடிந்து, வோக்கரைப் பிடித்து முதல் அடி வைத்தபோதுதான் அவருக்கு அந்தப் பார்வை நினைவு வந்தது.

“அண்டைக்கு டொக்டர் ஏன் உன்னை அப்பிடிப் பாத்தவர்?”

“மனிசற்றை எலும்புதானோ எண்டு கேட்டனான், அம்மா. ஓம் எண்டவர்.”