கவிழ்ந்து கிடக்கும் வண்டி

ஆல்டன்பெர்க் பனித்தடத்தின் கொட்டகையில், காத்யா தான் ஓட்டும் பாப்ஸ்லெட் பனிச்சறுக்கு வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, அடியிலுள்ள எஃகுச் சறுக்குச் சட்டங்களை உப்புத்தாளால் தேய்க்கிறாள். ஒவ்வொரு இழுப்புக்கும் குழல்விளக்கின் வெளிச்சம் எஃகின் மேல் ஓடி நிற்கிறது. வாசலில் பயிற்சியாளர் ஹார்ட்விக். "போதும், விடு. உன் வண்டியைத் தள்ளிவிட்டு பின்னால ஏறுற வீப்கே, இன்னைக்குப் புதுசா வந்திருக்கற அந்தச் சின்னப் பொண்ணு ஓட்டுற வண்டிக்குப் போறா." "போகட்டும். பந்தயத்துல என் பேரு இன்னும் இருக்குல்ல?" "பேரு வந்து வண்டி தள்ளுமா?" காத்யா எஃகில் மூச்சு விட்டுத் துடைக்கிறாள். ஆணிக்காலணிகள் தரையில் கரகரக்க வீப்கே உள்ளே வருகிறாள். ஹார்ட்விக் பக்கம் திரும்பாமலே குனிந்து, வண்டியின் மறுமுனையைப் பிடிக்கிறாள். "தேய்ச்சது போதும், கிழவி. நிமிர்த்தணும், பிடி."