கவனம்: தொண்ணூற்றாறு

"மனுஷப் பிள்ளையா இது? மாசக் கணக்கா தொண்ணூத்தாறு. ஒரு கொட்டாவி கூடவா விடமாட்டான்?"

மேற்பார்வையாளர் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையில் விரலை வைத்தார். வேலைக்குப் புதிது. தங்கமான பிள்ளை. எல்லாப் பெண்களையும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அந்தக் கல்லூரியில் முதலாண்டு வகுப்புகள் எல்லாம் இணையத்தில்தான். பிள்ளைகள் அவரவர் வீட்டில் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவார்கள். யார் எவ்வளவு கவனிக்கிறார்கள் என்று இயந்திரம் முகத்தைப் பார்த்து மதிப்பெண் போடும். கண் பாடத்தில் இருந்தால் முகத்தைச் சுற்றிப் பச்சைக் கட்டம். அலைந்தால் மஞ்சள். ஆளே இல்லையென்றால் சிவப்பு.

சத்தம் வராது. கவனத்தை அளக்கக் காது எதற்கு என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது.

இயந்திரத்தை ஏமாற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லியா தரவேண்டும்? கவனிப்பது போலக் கொஞ்ச நேரம் தங்களைப் படம் பிடித்து, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஊர் சுற்றப் போய்விடுவார்கள்.

அதைப் பிடிக்கத்தான் அவளுக்குச் சம்பளம்.

பிள்ளைக்குப் பின்னால் அலமாரியிலிருந்து குதித்த பூனை, மறுபடியும் அலமாரியிலிருந்து குதிக்கும். ஏறாமலே குதிக்கிற பூனை. அவள் கண்ணுக்கு அது தப்பியதே இல்லை. பிடிபட்ட பிள்ளைக்கு அந்த வருஷம் பரீட்சை கிடையாது.

இப்போது மேற்பார்வையாளரின் விரலுக்கு அடியில், பச்சைக் கட்டத்துக்குள் இருந்தது அவள் பையன்.

"உங்க பிள்ளைன்னு கேள்விப்பட்டேன் அக்கா. அதான் நேர்லயே கேக்கறேன். நிஜமா, படமா? படம்னா என் கையில ஒண்ணும் இல்ல, மேல அனுப்பிடணும்."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில மாதங்களாகவே இப்படித்தான். கேள்வி காதில் விழும், உள்ளே இறங்காது. மரத்துப்போன இடத்தில் ஊசி போட்டால் குத்துவது தெரியும், வலி தெரியாது. அந்த மாதிரி.

திரையில் பையன் தலையாட்டினான். எதையோ எழுதினான். மறுபடி தலையாட்டினான். நீலக் கட்டம் போட்ட சட்டை.

கிழிந்துபோன அந்தச் சட்டையால்தான் அவள் இன்று காலையில் அடுப்பு மேடையைத் துடைத்துவிட்டு வந்தாள்.

படம்தான் என்று, அது ஓட ஆரம்பித்த முதல் நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. அவனிடமும் கேட்கவில்லை. வீட்டில் இரண்டு பேருக்கும் நடுவே "சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்" என்பதும் "ம்" என்பதும்தான் பேச்சு. வகுப்பு நேரத்தில் அவன் எங்கே போகிறானோ, அந்த அறையிலேயே சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கிறானோ.

மற்ற பிள்ளைகள் உஷார். மாட்டிக்கொள்வோம் என்று வாரத்துக்கு ஒரு படம் மாற்றுவார்கள்.

இவன் மாற்றவே இல்லை.

"அக்கா?"

திரையில் அவள் வீட்டுக்காரர் வரும் நேரம் ஆகிவிட்டது. அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டாள். தினமும் அந்த இடத்தில் அவள் உடம்பு தானாகவே நிமிரும்.

பையனுக்குப் பின்னால் கதவு திறந்தது. குளித்த தலையோடு, தோளில் துண்டோடு அவர் வந்து நின்றார். ஏதோ கேட்டார். பையன் திரும்பாமலே ஒரு கையைத் தூக்கிக் காட்டினான், வகுப்பு நடக்கிறது என்று.

அவர் போகவில்லை. பையனின் முதுகுக்குப் பின்னால் நின்று, அவன் தலையாட்டுகிற மாதிரியே தலையாட்டினார். கன்னத்தை உப்பவைத்து, கண்ணை உருட்டி, பெரிய மேதாவியைப் போல. பிறகு தலையைத் துவட்டிக்கொண்டே போய்விட்டார்.

அந்த நேரத்தில் பையன் அதைப் பார்க்கவில்லை. பிற்பாடு படத்தைப் போட்டுப் பார்த்தபோதுதான் அவனுக்கே தெரிந்திருக்கும்.

மேற்பார்வையாளர் வாய்விட்டுச் சிரித்தார்.

"யாருக்கா அது?"

"அவங்கப்பா."

"சரியான ஆளு! மாமா இன்னிக்கு லீவா?"

"வேலைக்கு இப்ப போறதில்ல. வீட்லதான் இருக்கார்."

"கொடுத்து வெச்ச மனுஷன். ஏமாத்தற பய எவனாவது அப்பனையும் சேர்த்துப் படம் எடுப்பானா? நிஜம்தான், விடுங்க. நல்லாப் படிக்கிற பிள்ளைய நான்தான் வீணா சந்தேகப்பட்டுட்டேன்."

மேற்பார்வையாளர் அந்தக் கட்டத்தின் மேல் ஒரு சரி போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

அவள் பொய் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில்தான் இருக்கிறார். கூடத்துச் சுவரில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள்.

ஆணி அடித்து மாட்டியது பையன்தான்.