ஆறாம் படி

மலேசியாவின் ஈப்போ சுண்ணாம்புக் குவாரியில் முப்பது வருடம் ஒரே தூசியைத் தின்ற நானும் சியோங்கும் நுரையீரல் சோதனைக்குப் போனோம். இருவருக்கும் ஒரே வயது, ஒரே உயரம். குழாயில் நான் ஊதிய ஊதலில் சுவர்க் காலண்டர் மூன்று மாதம் முன்னால் புரண்டது. சியோங் ஊதியதில் அது பழையபடி திரும்பியது. மிஷின் இருவருக்கும் சரியாக இரண்டு லிட்டர் காட்டியது.

"சியோங் அங்கிளுக்குப் பாதிப்பு இருக்கு, மருந்து தரோம். உங்களுக்கு நார்மல்" என்றாள் நர்ஸ் கஸ்தூரி.

"எனக்கும் மூச்சு வாங்குதேம்மா?"

"மிஷின் இனம் கேக்குது அங்கிள். இந்தியர்னு போட்டா இவ்வளவு மூச்சே போதும்ங்குது."

"அப்ப என்னையும் சீனர்னு போடு."

"அடையாளக் கார்டுல அப்படியா இருக்கு?"

சியோங் குவாரியில் கற்ற தமிழில் சிரித்தான். "நார்மல் ஆளு நீதானே, என் மருந்துப் பையைத் தூக்குடா!"

தூக்கினேன். பஸ் நிறுத்தத்துக்கு இருபது படி ஏற வேண்டும். ஏழாம் படியில் சியோங் மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டான், பாவம், நோயாளி. நார்மலான நான் ஆறாம் படியிலேயே உட்கார்ந்திருந்தேன், அவனுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு. சியோங் திரும்பிப் பார்த்தான். இந்த முறை சிரிக்கவில்லை. பிறகு கையை நீட்டி, பையின் முடிச்சை மெதுவாக அவிழ்த்து, மருந்தில் பாதியை என் கையில் வைத்தான்.